மெஷினுக்குக் கொடுத்த வயது

முல்லைத்தீவுக் கடற்கரை,
09.10.2025, வியாழக்கிழமை.

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய நேசமலர் அக்கா அவர்களுக்கு,

தம்பி பஸ்தியாம்பிள்ளை பணிவன்புடன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தினாலும் உங்களுடைய செபத்தினாலும் நாங்கள் இங்கே நலம். சுசிலா நலம். மகன் றெஜி, மருமகள் நிறஞ்சனா, பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், சினைப்பட்டிருக்கிற வெள்ளாடு எல்லோரும் நலம். நானும் நலம்தான், நெஞ்சை ஒரு சாணுக்கு மேலே கிழித்துத் தைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அதுபோல மன்னாரில் உங்கள் முழங்காலும், மகளும், மருமகனும், அவர் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. உங்களுக்கு இப்போது வலது காது கேட்பதில்லை, இடது காது விரும்பியதை மட்டும்தான் கேட்கிறது. உங்களுக்கு விளங்கும்படி நான் ஃபோனில் கத்தினால் அது முதலில் குசினியில் நிற்கிற சுசிலாவுக்குக் கேட்கும், பிறகு பக்கத்து வளவுக்குக் கேட்கும், கடைசியாகத்தான் மன்னாருக்கு வரும். அதைவிட, கத்தக்கூடாது, தும்மக்கூடாது, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டொக்டர்மார் ஆறு கிழமைக்குத் தடை போட்டிருக்கிறார்கள். பேனையை மட்டும் தூக்கலாமாம். இந்தக் கடிதத்தை நீங்கள் ஒருவரே வாசிக்க வேண்டும். மகளை வாசித்துக் காட்டச் சொல்லக்கூடாது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவென்றால், நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னர் நீங்களும் நானும் சேர்ந்து செய்த ஒரு வேலை இப்போது ஒரு கொம்பியூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுப்பதா விடுவதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பதற வேண்டாம், எங்கிருந்து தொடங்கியதோ அங்கிருந்தே சொல்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் நந்திக்கடலில் இறால் கூடு தூக்கும்போது எனக்கு நெஞ்சு இறுகி, இடது கை மரத்து, வள்ளத்தில் அப்படியே குந்திவிட்டது உங்களுக்குத் தெரியும். இருதயத்துக்குப் போகிற குழாய் மூன்று அடைத்துப்போயிற்று என்று சொல்லி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலிலிருந்து நரம்பை உருவி நெஞ்சில் தைக்கிற பைபாஸ் வெட்டு. அதற்கு முதல் நாள், தேனுகா என்கிற ஒரு டொக்டர் பிள்ளை மடிக் கொம்பியூட்டரோடு என் கட்டிலுக்கு வந்தாள். எங்கள் நிறஞ்சனாவின் வயதுகூட இராது. வெட்டு நன்றாக நடந்தாலும், முடிந்து இரண்டாம் மூன்றாம் நாளில் சில பேருக்கு இருதயம் தாளம் தப்பி, கண்டபாட்டுக்குத் துடிக்கத் தொடங்கிவிடுமாம். அப்படித் துடித்தால் உள்ளே இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் வாதம் வரவும் இடமிருக்கிறதாம். யாருக்கு அப்படி வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்கிற செயற்கை நுண்ணறிவு மெஷின் ஒன்றை அந்த வாட்டில் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். விருப்பமா என்று கேட்டாள்.

எனக்கு விருப்பமா என்று கேட்கவும் வேண்டுமா அக்கா. நாளைக்குக் கச்சான் காற்று அடிக்குமா, பாறை மீன் படுமா, சூடை மீன் படுமா என்று வாழ்நாள் முழுக்க ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு ஒரு நாளாவது சரியான பதில் கிடைக்காதவன் நான். என் சொந்த நெஞ்சுக்குள் என்ன நடக்கப்போகிறது என்று ஒன்று சொல்லுமென்றால் வேண்டாம் என்பேனா.

நாற்பத்துமூன்று கேள்வி கேட்டாள். குறட்டை விடுவீர்களா என்றாள். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த சுசிலா, "பிள்ளை, அதில பெரிசா ஓம் எண்டு போடுங்கோ" என்றாள். சாராயம் குடிப்பீர்களா என்றாள். பெருநாளுக்கு மட்டும் என்றேன். "எங்கட வீட்டில கிழமைக்கு மூண்டு பெருநாள் வாறது" என்றாள் சுசிலா. பீடி, சலரோகம், மூச்சு வாங்குதல் என்று நான் சொன்ன ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே வந்தவள், ஒரேயொரு கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவுக்கு எத்தினை வயசு?"

"அறுபத்தாறு" என்றேன். அடையாள அட்டையையும் எடுத்து நீட்டினேன். அட்டையிலும் அறுபத்தாறுதான்.

அக்கா, நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். திருவிழாவுக்கு யாருடைய வள்ளம் மாதா சுரூபத்தை ஏற்றிக்கொண்டு முன்னே போவது என்று எங்கள் அப்பு கோயில் உபதேசியாரோடு சண்டை பிடித்துக் கொழுவி, ஐந்து வருஷம் கோயில் வாசலை மிதிக்காமல் இருந்தார். அந்தக் கொழுவலுக்கு நடுவில்தான் நான் பிறந்தேன். பிறந்து மாதத்துக்குள் நடக்க வேண்டிய ஞானஸ்நானம் எனக்கு ஐந்து வயதில் நடந்தது. மற்றப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் நடந்து போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிய சுவாமியாரின் கையைக் கடித்தேன் என்று நீங்கள்தான் எல்லோருக்கும் சொல்லுவீர்கள். உபதேசியார் அந்தக் கோபத்திலோ என்னவோ பிறந்த திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஞானஸ்நானத் திகதியை மட்டும் எழுதிவைத்தார்.

எண்பத்து நாலாம் ஆண்டு சுசிலாவைப் பெண் கேட்டுப் போனபோது அவளுடைய தகப்பன், "முப்பது வயசு ஆளுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க மாட்டன்" என்று முதலே சொல்லிவிட்டுத்தான் கோயிலில் எழுதித் தந்த ஞானஸ்நானத் துண்டைக் கேட்டார். நீங்கள் கொடுத்தீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிறபடி அவரும் ஞானஸ்நானத் திகதியையே பிறந்த திகதியாக எடுத்து, விரலில் எண்ணி, "இருபத்தஞ்சு, பரவாயில்லை" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாமல் நான் ஐந்து வயது குறைந்தேன். அதோடு விட்டீர்களா. கலியாணத்துக்கு முதல் நாள் என்னைச் செபஸ்தியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, "நான் விடச் சொல்லும்வரைக்கும் என்ர வாயால என்ர உண்மையான வயது வராது" என்று சத்தியம் வாங்கினீர்கள். பிறகு அதே துண்டை வைத்துத்தான் அடையாள அட்டையும் எடுத்தோம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது மற்ற எல்லாத் தாளும் போய்விட்டது, அந்த வயது மட்டும் போகவில்லை.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். எண்பத்தைந்தாம் ஆண்டே சொன்னேன். சுவாமியார் பத்துத் தரம் அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார், மனைவியிடம் உண்மையைச் சொல்லவும் சொன்னார். பத்துத் தரத்தையும் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டேன்.

இனி மெஷினுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கொடுத்து, நெஞ்சில் வயர் ஒட்டி எடுத்த ஈசீஜீப் படத்தையும் கொடுத்துவிட்டு, பின்னேரம் டொக்டர் பிள்ளை வந்து சொன்னாள்: "ஐயா, உங்களுக்குத் தாளம் தப்பிறதுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு எண்டு காட்டுது. பயப்பிடாதேங்கோ. தெரிஞ்சபடியா நாங்கள் முதலே குளிசை மருந்து தொடங்குவம்."

எனக்குப் பயத்தைவிட இது எப்படித் தெரியும் என்கிற எண்ணம்தான் பெரிதாக வந்தது. கேட்டேன். வெட்டு நடந்த ஆயிரக்கணக்கான ஆட்களுடைய ஈசீஜீப் படங்களை அதற்குக் காட்டி, இவருக்குத் தாளம் தப்பியது, இவருக்குத் தப்பவில்லை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். டொக்டர்மாரின் கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்றை அது அந்தக் கோடுகளில் பிடித்து வைத்திருக்கிறதாம்.

"அது என்ன எண்டு அதுக்குத் தெரியுமோ பிள்ளை?"

"என்ன எண்டு எங்களுக்கே முழுக்கத் தெரியாது ஐயா. ஆனால் கனதரம் சரியாச் சொல்லுது."

இது எனக்கு விளங்கியது. செத்துப்போன எங்கள் பெரியப்பு தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் நிற்கிற இடத்தைச் சொல்லுவார். எப்படி என்று கேட்டால் அடிக்க வருவார். இந்த மெஷின் அடிக்க வராது என்பதுதான் வித்தியாசம். பிறகு அது படித்த ஆட்கள் யார் என்று கேட்டேன். பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்களாம். அவர்கள் இறால் சாப்பிடுவார்களா, கூப்பன் அரிசிச் சோறு சாப்பிடுவார்களா, இடம்பெயர்ந்து பங்கருக்குள் இருந்தவர்களா என்று கேட்டேன். டொக்டர் பிள்ளை சிரித்தாள். "அதுதான் ஐயா கேள்வி. எங்கட ஆக்களுக்கும் இது சரியாச் சொல்லுமோ எண்டு பார்க்கத்தான் இஞ்சை வைச்சிருக்கிறம்."

அறுபத்திரண்டு என்கிற செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. றெஜி ஃபோனில் தன் பெண்சாதிக்குச் சொல்ல, நிறஞ்சனா தண்ணீரூற்றுக் கிராமத்தில் இருக்கிற தாய்க்குச் சொல்ல, பொழுதுபடுவதற்குள் கடற்கரை இரண்டு கட்சியாகிவிட்டது. கோயில் ஆட்கள் மிச்ச முப்பத்தெட்டு வெல்ல வேண்டும் என்று நவநாள் செபம் தொடங்கினார்கள். கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்கள் மெஷின் பக்கம் நின்று, தோற்கிற கட்சி சங்கத்து வலைக் கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று பந்தயம் பிடித்திருக்கிறார்கள். என் சொந்த மச்சினன் மெஷின் பக்கமாம். இப்போதும் ரோட்டில் என்னைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் "அறுபத்திரண்டு அப்பு போறார்" என்கிறார்கள்.

ஆனால் எனக்குள்ளே இருந்த கணக்கு வேறு. அறுபத்தாறு வயது என்று பொய்யாகக் கொடுத்ததற்கே அறுபத்திரண்டு என்றால், உண்மையான எழுபத்தொன்றைக் கொடுத்தால் எவ்வளவு வரும்? எழுபதா, தொண்ணூறா? அதை அறிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலில் ராஜரத்தினம் என்று வவுனியாப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய ஆட்கள் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டி உழுந்து போடுகிறவர்கள். அவருக்குச் சரியாக எழுபத்தொரு வயது. ஆகவே அவரை அளவுகோலாக வைக்கலாம் என்று நினைத்து, உங்களுக்கு எத்தனை வந்தது என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சுங்க" என்றார்.

"எழுபத்தொரு வயசுக்கு முப்பத்தஞ்சுதானோ?"

"நான் குடிக்கிறதில்லைங்க. பீடியும் இல்ல. அதுக்கு மேல, நம்ம ஆளுங்களுக்கு எந்த ஆபீசுல போனாலும் கொறச்சுத்தானுங்க குடுப்பாங்க. இந்த ஒரு தடவை அது நல்லதாப் போச்சு."

அவரை வைத்து ஒன்றும் அளக்க முடியவில்லை. ஆகவே சாயங்காலம் டொக்டர் பிள்ளையையே சுற்றிவளைத்துப் பிடித்தேன். "பிள்ளை, ஒரு கதைக்குக் கேக்கிறன். எல்லாம் என்னைப் போலவே ஒரு ஆள், வயசு மட்டும் எழுபத்தொண்டு எண்டு வையுங்கோ. அந்தாளுக்கு எத்தினை வரும்?"

அவள் சுசிலாவை ஒருதரம் பார்த்தாள். கொம்பியூட்டரை ஒருதரம் பார்த்தாள். "அறுபத்திரண்டுதான் ஐயா வரும்" என்றாள்.

அறுபத்தாறு வயதுக்கும் அறுபத்திரண்டு, எழுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டா? அப்படியானால் வயது என்ற கேள்வியை எதற்குக் கேட்டார்கள்? டொக்டர் பிள்ளை என்னை ஆறுதல்படுத்தச் சும்மா சொல்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். விடிய என்னைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள்.

வெட்டு நடந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வாய்க்குள் குழாய், மூக்குக்குள் குழாய், பக்கத்தில் கௌசலா என்ற நேர்ஸ் பிள்ளை. முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று, தாளம் தப்பவில்லை. ஊரில் நவநாள் கட்சி வலைக் கொட்டிலின் பூட்டுத் திறப்பை, கூட்டத் தொடங்குங்கள் என்று மெஷின் கட்சியிடம் இப்போதே கொடுத்துவிட்டதாக றெஜி சொன்னான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை ஆயிரம் பேரைப் படித்த மெஷினை ஒரு முல்லைத்தீவான் பொய்யாக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். டொக்டர் பிள்ளை வேகமாக வந்தாள். "பஸ்தியாம்பிள்ளை ஐயா, இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கிறன் பிள்ளை. கஞ்சி குடிச்சனான்."

"உங்களுக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை. ஆனால் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வரும்போலக் காட்டுது. இரத்தத்தில உப்புப் பார்க்கிறம், மருந்து ஏத்த ஆயத்தமா வைக்கிறம். ஆறுதலாப் படுங்கோ."

நெஞ்சில் ஒட்டியிருந்த வயர் மூலம் அந்த மெஷின் என்னை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா, நோய் வந்தவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரப்போகிறது என்று நேரம் குறித்துச் சொல்லப்பட்டு, அதற்காகக் காத்துக் கிடந்தவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரிக் கிடந்தேன். பதினொரு மணிக்கு ஒன்றும் இல்லை. பதினொன்றரைக்கு ஒன்றும் இல்லை. நேர்ஸ் பிள்ளையிடம் திரையை என் பக்கம் திருப்பிவிடச் சொன்னேன். பச்சைக் கோடு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதில் என்ன பிழை கண்டது என்று கண் நோகும்வரை பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ராஜரத்தினம் தன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, "வந்துருச்சுங்களா?" என்று கால் மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். சுசிலா என் கால்மாட்டில் கதிரையைப் போட்டுத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தர அல்ல, சும்மா உரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது. இந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் நான் போய்விட்டால், இவள் என் கல்லறையில் பிழையான வயதை எழுதுவாளே என்று நினைத்தேன். நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தவளுக்கு என் உண்மையான வயதைச் சொல்லாமலே போகிறேனே. உங்களுக்குத் தந்த சத்தியம் ஒரு பக்கம், செபஸ்தியார் ஒரு பக்கம். இரண்டையும் தாண்டி வாயைத் திறந்தேன்.

"சுசிலா, உம்மட்டை ஒண்டு சொல்ல வேணும்."

"கதைக்காதேங்கோ. டொக்டர் பிள்ளை கதைக்க வேண்டாமெண்டவா."

"இல்லை, இது சின்ன விஷயம்."

"சின்ன விஷயமெண்டால் பிறகு சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு படுங்கோ."

நான் மூடினேன். பன்னிரண்டு இருபதுக்கு வந்தது. பறிக்குள் விழுந்த மீன் அடிக்குமே, அப்படி நெஞ்சுக்குள் அடித்தது. ஒரு சீரில்லை, ஒரு கணக்கில்லை. பச்சைக் கோடு குழந்தைப் பிள்ளை கிறுக்கிய மாதிரி ஆயிற்று. மெஷின் கூவியது. மருந்து முதலே கொழுவி இருந்தபடியால் ஒருவரும் ஓடவில்லை, டொக்டர் பிள்ளை குழாயைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். எனக்கு வேர்த்துக் கொட்டியது, கை குளிர்ந்தது. ஆனாலும் அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் மனதுக்குள் ஒரு மூலையில், அட, சொன்னபடி வந்துவிட்டதே என்று ஒரு வியப்பு எழும்பியது. பின்னேரம் ஆறு மணிக்கு இருதயம் தானாகப் பழைய தாளத்துக்கு வந்தது. ராஜரத்தினம் கை தட்டினார். ஊரில் கோயில் ஆட்கள் வலைக் கொட்டிலைத் துப்புரவாக்கினார்களாம். நாற்பது வருஷத்துக் குப்பை என்று கேள்வி.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்றைக்கு டொக்டர் பிள்ளை வந்து, இந்த மாதம் இருபத்தோராம் திகதி கிளினிக்குக்கு வரச் சொன்னாள். அன்றைக்கு என்னுடைய விபரம் எல்லாவற்றையும் பூட்டி, மெஷினுக்கு அடுத்த பாடமாகக் கொடுப்பார்களாம். "எங்கட பக்கத்து ஆக்கள் அதில கொஞ்சப் பேர்தான் ஐயா. ஒவ்வொருத்தரும் முக்கியம். உங்களை வைச்சுத்தான் அடுத்த ஆளுக்கு அது சொல்லப்போகுது" என்றாள்.

மெதுவாகக் கேட்டேன்: "ஒரு ஆளின்ர விபரத்தில பிழை இருந்தால் என்ன ஆகும் பிள்ளை?"

"ஓராள் எண்டால் பெரிசா ஒண்டும் இல்லை. எல்லாரும் ஒவ்வொரு பிழை சொன்னால் மெஷின் பிழையைத்தான் படிக்கும்."

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எங்கள் கடற்கரையில் அட்டையில் சரியான வயது உள்ளவர்கள் எத்தனை பேர்? இடம்பெயர்ந்து போய்த் தாள் இல்லாமல் கண்மதிப்பில் வயது எழுதியவர்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வருஷம் கூட்டியவர்கள், வெளிநாடு போக மூன்று வருஷம் குறைத்தவர்கள். அத்தனை பேரும் நாளைக்கு அந்தக் கட்டிலில் போய்ப் படுத்து அட்டையை நீட்டப்போகிறார்கள். என் பொய்யைப் படித்த மெஷின், உண்மையாகவே அறுபத்தாறு வயதான ஒரு மனுசனைப் பார்த்து, இவனுக்கும் பஸ்தியாம்பிள்ளை மாதிரி நெஞ்சு துள்ளும் என்று தேவையில்லாத மருந்தை ஏற்றலாம். எழுபத்தொரு வயதுக்காரன் ஒருவனை, இவனைப் போல் ஒருவரையும் நான் கண்டதில்லை என்று கவனியாமல் விடவும் கூடும். அவன் யாரோ எவனோ, ஆனால் அவனுக்கும் ஒரு சுசிலா கால்மாட்டில் இருப்பாள். இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சில் கையை வைத்து வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். தாளம் சரியாகத்தான் இருக்கிறது, மனம்தான் சரியில்லை.

ஆகையால் அக்கா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், குனியவும் தடை என்றபடியால் மனதால் விழுகிறேன். இருபத்தோராம் திகதிக்கு முன்னர் என்னை அந்தச் சத்தியத்திலிருந்து விடுவித்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சொல்லு என்று ஒரு சொல் போதும். கிளினிக்கில் சுசிலாவும் பக்கத்தில் இருப்பாள். அவளுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டி வரும். அவள் என்ன செய்வாளோ தெரியாது. அவளுடைய தகப்பனை நீங்களும் நானும் சேர்ந்து ஏய்த்தோம் என்று தெரிந்தால் ஒரு கிழமைக்குக் கதைக்க மாட்டாள், அதைத் தாங்குவேன். என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்பதுதான் என் பயம். இந்த வயதில் எனக்கு அந்தப் பார்வையைத் தவிர வேறு சொத்து இல்லை. பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாமல் கடற்றொழிலாளர் சங்கத்து விலாசத்துக்குப் போடுங்கள்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓடச் சொல்லுங்கள். மடு மாதாவும் செபஸ்தியாரும் உங்கள் முழங்காலையும் மிச்சக் காதையும் காப்பார்களாக.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி,
பஸ்தியாம்பிள்ளை
(வயது, நீங்கள் அறிந்ததே)

பி.கு.: மச்சாள், இது சுசிலா எழுதுறன். இவர் கடிதத்தை றெஜியிட்டைக் குடுத்துத் தபாலில போடச் சொன்னவர். உறையைச் சுத்தி நாலு பக்கமும் பசை பூசி, அதுக்கு மேல பிளாஸ்டரும் ஒட்டியிருந்தது. இவர் ஒரு சாமானையும் இவ்வளவு கவனமா ஒட்டினதை நான் கண்டதில்லை, அதால உடைச்சுப் பார்த்தனான். கோவியாதேங்கோ.

றெஜி பிறந்த மாதம் நீங்கள் எனக்குப் பத்தியம் காய்ச்ச வந்து நிண்டபோது, மனம் கேக்காமல் இவரின்ர வயசை எனக்குச் சொல்லி அழுதனீங்கள். இவருக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டையும் ஒரு சத்தியம் வாங்கினனீங்கள். நான் இவ்வளவு காலமும் காப்பாத்திப் போட்டன். ஆஸ்பத்திரியில கேள்வி கேட்ட அண்டைக்கு, இவரை இரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போன இடைவெளிக்குள்ள டொக்டர் பிள்ளையிட்டை எழுபத்தொண்டு எண்டு சொன்னனான். மெஷினில கிடக்கிறது எழுபத்தொண்டுதான். அறுபத்திரண்டு வந்ததும் அந்த வயசுக்குத்தான். ஒருத்தருக்கும் ஒரு பிழையும் வராது. இவருக்குச் சொல்ல வேண்டாமெண்டு அந்தப் பிள்ளையைக் கெஞ்சிக் கேட்டதும் நான்தான். நெஞ்சு வெட்டப் போற மனுசனை அந்த நேரம் வெட்கப்படுத்த எனக்கு மனம் வரேல்லை.

இதெல்லாம் இவருக்குத் தெரிய வேண்டாம் மச்சாள். இவர் தன்ர வாயால என்னட்டைச் சொல்ல வேணும், அதை நான் ஒருக்காக் கேக்க வேணும். கேட்டு ஆச்சரியப்படுற மாதிரி இருப்பன், கொஞ்சம் கோவிப்பன், பிறகு விட்டிடுவன். நீங்கள் சொல்லு எண்டு ஒரு வரி எழுதி, இவர் கேட்டபடி சங்கத்துக்கே அனுப்புங்கோ. கெதியா எழுதுங்கோ. விடிஞ்சால் பொழுதுபட்டால் நெஞ்சில கையை வைச்சு எண்ணிக்கொண்டு இருக்கிறார், பக்கத்தில இருந்து பார்க்க எனக்கு ஏலாமக் கிடக்கு.